கைவேலைக் கூடை: பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு குவில்ட்



"அம்மாவின் பட்டுப் புடவை ஒன்று பீரோவின் அடித்தட்டில் பல வருஷமாக இருக்கிறது. கட்டிக்கொள்ள முடியவில்லை, மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால் மனசு வரவில்லை. பாத்திரக்காரருக்குப் போடவா முடியும்? வழி சொல்லுங்களேன்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

இப்படி ஒரு புடவை இல்லாத வீடு உண்டா? அம்மாவுடையதாக இருக்கும், மாமியாருடையதாக இருக்கும், அத்தை பாட்டியுடையதாக இருக்கும். நாம் வழக்கமாகச் சொல்லும் யோசனைகள் பட்டுப் பாவாடை, மெத்தை உறை, கைப்பை. புடவை திடமாக இருந்தால் இதெல்லாம் சரி. நூல் இற்றுப் போன புடவையில் பாவாடை தைத்தால், குழந்தை ஒரு தடவை உட்கார்ந்து எழுந்ததும் கிழிந்து போகும். இருந்த புடவையும் போய், மனசும் நொந்து போகும்.

இழுபடாமல், தேயாமல், கண்ணில் படும் இடத்திலேயே அது இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற ஒரு கைவேலையை இந்த இதழில் சொல்லப் போகிறேன். சுவரில் மாட்டும் சின்னக் குவில்ட். ஒரு சாண் சொச்சம் அகலம், அதே அளவு உயரம். ஒரு வாரம், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

குவில்ட் என்றால் என்ன?

பெயர்தான் புதிது. மேலே ஒரு துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது ஒன்று, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தையல் போட்டால் அது குவில்ட். கைக்குழந்தைக்குப் பழைய நூல் புடவையை நாலாய் மடித்து, சுற்றிலும் குறுக்கிலும் ஓட்டுத் தையல் போட்டு விரிப்போமே, அதுவும் இந்த ஜாதிதான்.

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் மீனும் போட்டுக் 'காந்தா' தைத்தார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். இவர்கள் பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சாவளி. பழந்துணியை ஓரத்தில் வைக்க ஆரம்பித்து, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடிப்பார்கள். வரைபடமும் கிடையாது, அளவு நாடாவும் கிடையாது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தேருக்குக் கட்டும் தொம்பைகளும் துணியை வெட்டி, துணி மேல் வைத்துத் தைத்தவைதான். ஆக, துணியில் சித்திரம் போடுவது நமக்கு அந்நியமான வேலை இல்லை.

அமெரிக்காவில் குவில்ட் என்பது குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சாமான். அதைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டிப் பார்க்க வைத்தது 1971-ம் வருஷம் நியூயார்க்கில் விட்னி மியூசியத்தில் நடந்த ஒரு கண்காட்சி. கிராமத்துப் பெண்கள் வீட்டு உபயோகத்துக்குத் தைத்த குவில்ட்களை நவீன ஓவியங்களைப் போல வரிசையாக மாட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். அதன் பிறகு 1979-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில், முன்பு மாட்டுக் கொட்டகையாக இருந்த ஒரு கட்டடத்தில், சுவரில் மாட்டவென்றே தைத்த குவில்ட்களுக்குத் தனிக் கண்காட்சி ஆரம்பமானது. 1989-ல் இப்படித் தைப்பவர்களுக்கு ஸ்டூடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ் என்ற சங்கமும் ஏற்பட்டது. இந்தச் சங்கம் நிதி திரட்ட நடத்தும் ஏலத்துக்கு உறுப்பினர்கள் தைத்துக் கொடுக்கும் குவில்ட்களின் அளவு என்ன தெரியுமா? பன்னிரண்டு அங்குலச் சதுரம்! நாமும் அந்த அளவையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தாய் தைத்தது

நம் வாசகியின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் குவில்ட் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடும். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் வாழும் ஏழைக் கிராமம். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் காலமாகிவிட்டார். 1942-ல், அவர் வயலில் உழைத்தபோது போட்டிருந்த பழைய உடுப்புகளையெல்லாம் எடுத்து, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிழித்து ஒட்டுப் போட்டு ஒரு போர்வை தைத்தார் அந்த அம்மாள். அவர் நினைவாக இருக்கட்டும், அவர் அன்பைப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்பதுதான் எண்ணம்.

அதில் பூ இல்லை, பறவை இல்லை. வெளுத்த நீலமும் சாம்பலும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாகத் துணி. அவ்வளவே. ஆனால் உழைத்த மனிதன் ஒருவன் அந்தத் துணிக்குள் இருந்தான் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அந்தக் கிராமத்துக் குவில்ட்களை 2002-ல் ஹூஸ்டன் நகரத்து மியூசியத்தில் வைத்தார்கள். பிறகு நியூயார்க்கிலும் வைத்தார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா பத்துத் தபால் தலைகளே வெளியிட்டது.

மிசௌரி அம்மாள் கணவர் முகத்தைத் துணியில் வரைய முயற்சி செய்யவில்லை. அவர் துணியை வைத்து அவரைச் சொன்னார். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

ஒரு வார்த்தை. அம்மா புடவை உங்கள் பீரோவில் இருந்தாலும் அது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அக்கா தங்கை இருந்தால், அண்ணா தம்பி இருந்தால், கேட்டுக்கொண்டு வெட்டுங்கள். "என்னைக் கேட்காமல் வெட்டிட்டியே" என்ற வருத்தம் வந்துவிட்டால் எந்தத் தையலாலும் அதைச் சேர்க்க முடியாது. கேட்டால் பெரும்பாலும் "எனக்கும் ஒண்ணு தைச்சுக் கொடேன்" என்றுதான் பதில் வரும். ஒரு குவில்டுக்கு வேண்டியது ஒரு கைக்குட்டை அளவு பட்டுதான். ஒரே புடவையில் நாலு வீட்டுக்கும் ஆளுக்கொன்று தைத்துவிடலாம்.

இன்னொன்று, முதலில் கிழிந்த பாகத்திலிருந்தே எடுங்கள். முந்தானையை அப்படியே விட்டு வையுங்கள். நாளைக்கு மனசு மாறினாலும் மிச்சம் இருக்கும்.

முதல் தடவையாகத் தைப்பவர்கள் அம்மா புடவையைத் தொடாமல், ரவிக்கை வெட்டின மிச்சத் துணிகளில் ஒன்று தைத்துப் பார்த்துக்கொள்வது சிலாக்கியம். அதுவும் வீணாகாது, பிள்ளைகள் அறைக்கு ஆகும்.

சின்னதில் ஒன்றுதான் சொல்லலாம்

பெரிய போர்வையில் நூறு சமாசாரம் வைக்கலாம். பன்னிரண்டு அங்குலத்தில் இடம் கிடையாது. கோலமும் மயிலும் வாழைமரமும் சூரியனும் எல்லாம் வேண்டும் என்றால் சந்தைக் கூட்டம் மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். அதில் எதை விட்டால் அது அதுவாக இருக்காதோ, அதை மட்டும் வையுங்கள். மற்றதை எல்லாம் கழியுங்கள். இந்தக் கைவேலையின் முழு சூட்சுமமும் இதுதான்.

"எனக்கு வரையத் தெரியாதே" என்று சொல்லாதீர்கள். வரையவே வேண்டாம். அம்மாவை நினைத்ததும் உங்களுக்கு முதலில் எது ஞாபகம் வருகிறது? மாடிக் கொடியில் காய்ந்த துணிகளா? கிணற்றடிப் படிகளா? பின்னிரவில் எரிந்த ஒற்றை விளக்கா? காலையில் அடுக்களை ஜன்னல் வழியாக வந்த வெயிலா? ஏதாவது ஒன்று. அதைக் கட்டமாகவும் பட்டையாகவும் நினைத்துப் பாருங்கள். கொடித் துணி என்றால் ஒரு கோடும் நாலு செவ்வகமும். கிணற்றடி என்றால் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பட்டைகள். அட, இவ்வளவுதானா என்று இருக்கும்!

குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டம் ஆறு போட்டு, ஒவ்வொன்றிலும் அதே விஷயத்தை வேறு வேறு மாதிரி வைத்துப் பாருங்கள். முக்கியமான பாகத்தை நட்ட நடுவில் வைத்தால் படம் உறங்கிவிடும். சற்று மேலே, ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால் கண் அங்கே போய்த் திரும்பி வரும். ஆறில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் நீங்களே தீர்மானியுங்கள். காலையில் என்ன டிபன் என்பதிலிருந்து கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்பது வரை நாலு பேரைக் கேட்டுச் செய்கிற நமக்கு, ஒரு சதுரத்தை யாரையும் கேட்காமல் தீர்மானிப்பதே ஒரு தனி சந்தோஷம்.

நிறம் சேர்ப்பது

நிறத்தில் எல்லோரும் சிவப்பா, பச்சையா என்றுதான் பார்ப்போம். அதைவிட முக்கியம் எது அழுத்தம், எது வெளிர் என்பது. அரக்கும் கரும்பச்சையும் வேறு வேறு நிறம்தான். ஆனால் இரண்டும் ஒரே அளவு அழுத்தம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றாகவே தெரியும்.

துணிகளைத் தரையில் பரப்பி, எழுந்து நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். எது முன்னே வருகிறது, எது பின்னே போகிறது என்று தெரிந்துவிடும். கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தாலும் சரி. அழுத்தம் ஒன்று, இடைத்தரம் ஒன்று, வெளிர் ஒன்று, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பொட்டு அளவு ஒன்று. நாலு துணி போதும். பட்டு மின்னுகிற துணி. அதன் பக்கத்தில் இன்னொரு பட்டை வைத்தால் இரண்டும் சண்டை போடும். மங்கலான நூல் துணியைச் சுற்றி வைத்தால்தான் பட்டின் மினுமினுப்பு எடுத்துக் காட்டும்.

மாதிரிக்கு ஒன்று: அடுக்களை ஜன்னல்

இருட்டான அடுக்களைச் சுவர். அதில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலில் அம்மா புடவை வெளிச்சமாக இருக்கிறது. தரையில் அந்த வெளிச்சத்தின் ஒரு கீற்று விழுகிறது. இவ்வளவுதான் படம். மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, இளம் பச்சை போன்ற வெளிர் பட்டு என்றால் இது அப்படியே பொருந்தும். உங்கள் புடவை அரக்கோ கருநீலமோ என்றால் மாற்றிப் போடுங்கள்: சுவர் சந்தன நிறம், ஜன்னலுக்கு வெளியே சாயங்கால இருட்டு.

தேவையான பொருட்கள்

சுவருக்கு: அழுத்தமான நிறத்தில் நூல் ரவிக்கைத் துணி அரை மீட்டர்.
ஜன்னலுக்கு: பட்டு, சுமார் 8 அங்குலத்துக்கு 10 அங்குலம்.
பட்டின் பின்னால் வைக்க: மெல்லிய மல் துணி, அதே அளவு. பழைய மல் வேஷ்டித் துண்டே போதும்.
நடுவில் வைக்க: பழைய ஃப்ளானல் அல்லது மெல்லிய பருத்திப் போர்வைத் துண்டு, 13 அங்குலச் சதுரம். இலவம் பஞ்சு வேண்டாம். திரண்டு ஒரு பக்கமாகப் போய்விடும்.
அடித்துணி: சுவர்த் துணியோடு ஒத்துப்போகும் நூல் துணி, 14½ அங்குலச் சதுரம். இதே துணி முன்பக்கம் மடிந்து கரையாகவும் வரும்.
எம்பிராய்டரி நூல், தையல் நூல், மெல்லிய ஊசி, குண்டூசி, ஊக்கு, ஸ்கேல், சாக்குக் கட்டி.

நூல் துணிகளை முதலில் நனைத்துக் காய வையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். பழைய பட்டை நனைக்காதீர்கள். மெல்லிய துணி ஒன்றை மேலே போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் போதும். நைலான், பாலியஸ்டர் கலந்த துண்டுகளைச் சேர்த்தால் இஸ்திரிச் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை.

வெட்டுவது

எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டுச் சொல்லியிருக்கிறேன். வெட்டுவதற்கு முன்பே பட்டை மல் துணியின் மேல் வைத்து, ஓரமாக நூலோட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். இற்ற பட்டுக்கு மல் துணிதான் முதுகெலும்பு.

பட்டில்: 1½ அங்குல அகலம், 5½ அங்குல நீளத்தில் 4 பட்டைகள். தரை வெளிச்சத்துக்கு 1½ அங்குலத்துக்கு 4 அங்குலம் ஒன்று.
சுவர்த் துணியில், ஜன்னல் கம்பிக்கு: 1 அங்குல அகலம், 5½ அங்குல நீளத்தில் 3 பட்டைகள்.
இடது சுவர்: 5 அங்குல அகலம், 5½ அங்குல உயரம்.
வலது சுவர்: 2½ அங்குல அகலம், 5½ அங்குல உயரம்.
மேல் சுவர்: 12½ அங்குல அகலம், 2½ அங்குல உயரம்.
கீழ்ச் சுவர்: 12½ அங்குல அகலம், 5½ அங்குல உயரம்.

பட்டில் பட்டைகளை வெட்டியதும் ஓரம் பிரியும். அதிகம் கையாளாமல் உடனே தைத்துவிடுங்கள்.

தைப்பது

பட்டு, கம்பி, பட்டு, கம்பி என்று மாற்றி மாற்றி வைத்து ஏழு பட்டைகளையும் சேருங்கள். இதுதான் ஜன்னல். ஒவ்வொரு தையலையும் அழுத்த நிறத்துப் பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். வெளிர் பக்கம் மடித்தால் கறுப்பு நூலும் ஓரமும் பட்டின் வழியாக நிழலாகத் தெரியும்.

ஜன்னலின் இடது பக்கம் இடது சுவரும், வலது பக்கம் வலது சுவரும் சேருங்கள். பிறகு மேலே மேல் சுவர், கீழே கீழ்ச் சுவர். 12½ அங்குலச் சதுரம் ஒன்று கையில் இருக்கும். ஜன்னல் நடுவில் இல்லாமல் வலது கை ஓரமாக, உயரத்தில் இருக்கிறது பார்த்தீர்களா?

தரை வெளிச்சத்துக்கு வெட்டின பட்டை நாலு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடித்து, கீழ்ச் சுவரில் இடது பக்கமாகச் சாய்வாக வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஹெம்மிங் செய்யுங்கள். வெயில் எப்போதும் சாய்ந்துதான் விழும். அந்த ஒரு சாய்வுதான் நேர்க் கோடுகளாக இருக்கும் படத்துக்கு உயிர் கொடுக்கிறது.

இனி மூன்று அடுக்கையும் சேர்ப்பது. மேஜையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் நம் சதுரம். மூன்றையும் சுருக்கமில்லாமல் கையால் தடவி, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள். பட்டில் ஊக்குக் குத்தினால் ஓட்டை விழுந்துவிடும். நூல் துணிப் பக்கமாகவே குத்துங்கள்.

எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள். வெளியிலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி கூடாரம் போட்டுவிடும். ஜன்னலில் கம்பியை ஒட்டி மேலும் கீழுமாகத் தையல். சுவரில் குறுக்காக, அரை அங்குலமும் ஒரு அங்குலமுமாக இடைவெளி மாற்றி மாற்றி. ஸ்கேல் வைக்க வேண்டாம். கை போன போக்கில் லேசாக வளைந்தால்தான் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும். நூல், சுவர் நிறத்தைவிட ஒரு சாயை வெளிறி இருக்கட்டும். இழுத்துக் கட்டாதீர்கள், துணியில் குழி விழுந்தால் போதும், சுருங்கக் கூடாது.

மெஷினில் போடுவதானால் தையலை நீளமாக வைத்து, துணியை அழுத்தும் காலின் மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நிதானமாக ஓட்டுங்கள். மூன்று அடுக்கும் நகராமல் வரும்.

கரை மடிப்பு

முதலில் நடுத்துணியை மட்டும் மேல் துணியோடு சமமாக வெட்டுங்கள். அடித்துணி கத்தரியில் மாட்டாமல் கையால் விலக்கிக்கொள்ளுங்கள். அடித்துணி நாலு பக்கமும் ஒரு அங்குலம் வெளியே இருக்கும். அதை அரை அங்குலம் மடித்து, மறுபடியும் அரை அங்குலம் மேல் துணியின் மேல் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். முதலில் எதிரெதிர் இரண்டு பக்கம், பிறகு மற்ற இரண்டு பக்கம். மூலை தடித்து நின்றால் உள்ளே இருக்கும் துணியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு மடியுங்கள்.

பின்பக்கம் மேல் ஓரமாக, 11 அங்குல நீளத்துக்கு 3 அங்குலத் துணியில் குழாய் மாதிரி ஒரு பட்டை தைத்து, இரண்டு ஓரத்தையும் அடித்துணியோடு மட்டும் சேர்த்து ஹெம்மிங் செய்யுங்கள். ஊசி முன்பக்கம் வரக் கூடாது. அதில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகி, இரண்டு முனையிலும் நூல் கட்டி ஆணியில் மாட்டலாம். கண்ணாடிச் சட்டம் அவசியமில்லை. துணி என்பது தெரிய வேண்டாமா?

பின்பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு வைத்து, யாருடைய புடவை, யார் தைத்தது, எந்த வருஷம் என்று ஓட்டுத் தையலில் எழுதிவிடுங்கள். தலைமுறை தலைமுறையாகக் குவில்ட் தைத்த எத்தனையோ பெண்களின் பெயர் இன்று ஒருவருக்கும் தெரியாது. நம் பேத்திக்காவது தெரியட்டுமே.

கவனிக்க வேண்டியவை

நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வெயில் பட்டை இற வைக்கும், நிறத்தையும் வாங்கிவிடும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது, பூஞ்சை பிடிக்கும். எடுத்து வைக்க நேர்ந்தால் மடிக்காமல், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி பழைய வேஷ்டியில் சுருட்டி வையுங்கள். மடித்து வைத்ததால்தானே புடவையே கிழிந்தது!

கைக்குழந்தை உள்ள வீட்டில் குண்டூசியையும் ஊக்கையும் எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி டப்பாவில் போடுங்கள். தவழும் குழந்தை தரையில் எதைக் கண்டாலும் வாயில் வைக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெத்தென்று இருக்கிறதே என்று இதையோ வேறு குவில்டையோ ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும் இடத்தில் போடாதீர்கள். முகத்தை மூடினால் மூச்சு முட்டும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் பகல் வெளிச்சத்திலேயே தையுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசியை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஏதாவது மரத்தைப் பாருங்கள். கழுத்தைக் குனிந்து துணியிடம் போகாமல், மடியில் தலையணை வைத்துத் துணியை உங்களிடம் உயர்த்திக்கொள்ளுங்கள். தோள்வலி வராது.

என்னத்துக்கு இது?

வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். "இதை விரிச்சுப் படுக்க முடியுமா, போர்த்திக்க முடியுமா? என்னத்துக்கு இந்த வெட்டி வேலை?" நியாயமான கேள்விதான். நாம் செய்கிற வேலை எல்லாமே உடனே உபயோகமாகி, உடனே தீர்ந்து போகிற வேலை. காலையில் சமைத்தது ராத்திரிக்குள் காலி. துவைத்த துணி மறுநாள் மறுபடியும் அழுக்கு. பெருக்கின வாசலில் சாயங்காலமே சருகு. வருஷக்கணக்காக உழைத்தும், இதோ நான் செய்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்தப் பன்னிரண்டு அங்குலம் மிஞ்சும். நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும். அந்த ஒரு உபயோகம் போதாதா?

தவிர, அம்மாவும் அப்படித்தானே உழைத்தாள்? அவள் சமைத்ததும் துவைத்ததும் போன இடம் தெரியவில்லை. புடவை ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதை இருட்டில் மடித்து வைத்துக் கிழிய விடுவதைவிட, ஒரு துண்டையாவது வெளிச்சத்தில் வைக்கலாமே.

ஜன்னல்தான் தைக்க வேண்டும் என்பதில்லை. அளவும் முறையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். படம் உங்களுடையதாக இருக்கட்டும். எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில், நேர்க் கோடு வேண்டாம், அலையும் மலையுமாக வளைவாக வெட்டி எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு நிறத்தில் ரவிக்கைத் துணி மிச்சம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.